வீடு காலி செய்கிறவன்

எங்கள் மாவட்டமான ப்ரூயிட் கவுண்டியின் ஆபீஸில் வருடத்துக்கு ஒரு முறை கூட்டம் போட்டு, சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சனங்களுக்கே வாசித்துக் காட்டுவார்கள். அந்த வருடம் வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை இல்லாதவர்கள் குறைந்துவிட்டார்களாம். சொந்த வீட்டில் இருப்பவர்கள் கூடிவிட்டார்களாம். தலைவர் டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். முன்வரிசையில் நாலு பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தினமும் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் நான். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று பிள்ளைகள் தட்டை வழிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

வேலை இல்லாதவர்கள் எப்படிக் குறைந்தார்கள்? பாதிப் பேர் ஒஹையோவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சத்தில் பாதி தேடித் தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை தேடாதவனை வேலை இல்லாதவன் என்று எண்ண மாட்டார்களாம். சொந்த வீட்டுக் கதையும் அப்படித்தான். வாடகைக்கு இருந்தவர்கள்தான் முதலில் சாமான் கட்டினார்கள். அவர்கள் போய்விட்டால் ஊரில் மிஞ்சுகிறவன் எல்லாம் வீட்டுக்காரன்தானே. அடுத்தவன் நிலத்தில் சக்கரத்தின் மேல் நிற்கிற தகர வீடுகளையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் அழகாக வரும்.

என் தம்பி ராய்ஸ் டேக்கெட் அந்தக் கணக்கில் இரண்டு இடத்திலும் நல்ல பக்கம் இருந்தான். வேலை உள்ளவன், சொந்த வீடு உள்ளவன். என்ன வேலை என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

ராய்ஸ் என்னை விட ஆறு வயது சின்னவன். பள்ளிக்கூடம் முடித்த கோடையிலேயே ஃபேக்டரியில் சேர்ந்தான். சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் செய்கிற ஃபேக்டரி. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் சொல்லவே வேண்டாம், ஃபேக்டரி என்றால் அதுதான். எங்கள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். ராய்ஸுக்கு மெருகு போடுகிற பிரிவு. அவன் கையில் வார்னிஷ் வாசம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூடப் போகாது. அந்த வாசம் அடித்தால் வெள்ளிக்கிழமை தவறாமல் சம்பளம் வாங்குகிறவன் என்று அர்த்தம், எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குச் சரி என்றுதான் சொல்லுவாள். டார்லா சொன்னாள்.

இருவரும் சேர்ந்து மில்லர் ஓடைப் பக்கம் ஒரு செங்கல் வீடு வாங்கினார்கள். எங்கள் ஊரில் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் எந்தச் சர்ச் என்று கேட்பார்கள், அடுத்தது சொந்த வீடா என்று கேட்பார்கள். வாடகை என்று சொன்னால் "ஓ" என்று ஒரு சத்தம் வரும். அந்த ஒரு சத்தத்துக்குப் பயந்தே எத்தனையோ பேர் சக்திக்கு மீறி வீடு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ராய்ஸ் அப்படி இல்லை, அளவோடு வாங்கினான். சனிக்கிழமை தோறும் வாசல் புல்லை வெட்டிவிட்டு, வெட்டிய புல்லின் முன்னால் நின்று ஒரு கோக் குடிப்பான். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் கை ஆட்டுவான். அவ்வளவுதான் அவன் பெருமை. அதைக்கூட என்னால் கேலி செய்யாமல் இருக்க முடியாது.

"ஏண்டா, மேயர் தேர்தல்ல நிக்கப் போறியா? இப்படிக் கை ஆட்டுற?" என்பேன்.

"நிக்கலாம். ஆனா உன் ஓட்டு கெடைக்காதே அக்கா," என்பான்.

பிறகு மேசையும் நாற்காலியும் கடல் தாண்டிக் கப்பலில் வந்து இறங்க ஆரம்பித்தன. ஃபேக்டரி முதலில் இரவு ஷிஃப்டை நிறுத்தியது, அப்புறம் வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தியது, அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்தியது. ராய்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அங்கேயும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். டார்லாவுக்கு மருந்துக் கடையில் அரைநாள் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சம்பாத்தியத்தில் ராய்ஸ் சாப்பிட்டான். சாப்பிட்டான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டுப் பசியில்லை என்று எழுந்துவிடுவான். கிடைக்காத வேலைக்கு அவன் தன்னைத்தான் குற்றம் சொன்னான். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஃபேக்டரியை மூடியவர்களில் ஒருவனாவது ஒரு வேளை பட்டினி கிடந்தானா?

அப்போதுதான் நாக்ஸ்வில்லில் இருந்து ஒரு ஒப்பந்தக்காரன் போன் செய்தான். எங்கேயோ ராய்ஸின் பெயர் அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

"ட்ரக் இருக்கா? படம் எடுக்கிற போன் இருக்கா? வாய மூடிக்கிட்டு வேல பாப்பியா?" மூன்றே கேள்விதான் கேட்டானாம்.

கடன் கட்ட முடியாமல் போய் பேங்க் எடுத்துக்கொண்ட வீடுகளைக் காலி செய்கிற வேலை அது. குடியிருந்தவர்கள் போன பிறகு, அவர்கள் விட்டுப் போனது எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக் கிடங்கில் கொட்ட வேண்டும், கூட்ட வேண்டும், பூட்டை மாற்ற வேண்டும், புல் வெட்ட வேண்டும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு கூலி. அதற்கு அத்தாட்சி, அள்ளுவதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். முன்னால் எடுக்கிற படம் எவ்வளவு அலங்கோலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சாமான் அலமாரிக்குள் அடுக்கி இருந்தால் படத்தில் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் இழுத்துத் தரையில் கொட்டிவிட்டு எடு என்று ஒப்பந்தக்காரனே சொல்லிக் கொடுத்தான். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

டார்லாவிடம் ராய்ஸ் "வீடு பராமரிப்பு வேலை" என்று சொன்னான். முழுப் பொய் இல்லைதான், புல் வெட்டினான், பூட்டு மாற்றினான். ஒரு பெரிய நீலத் தார்பாயும் வாங்கினான். எங்கள் கவுண்டிக்குள் வேலை வந்தால் ட்ரக்கின் பின்பக்கத்தைத் தார்பாயால் மூடி நாலு மூலையும் இறுக்கிக் கட்டி, பெரிய ரோட்டை விட்டுவிட்டு ஓடைப் பக்கமாகச் சுற்றிக் குப்பைக் கிடங்குக்குப் போவான். தெரிந்த வண்டி எதிரே வந்தால் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொள்வான். வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கை ஆட்டிக்கொண்டிருந்தவன்!

அவன் ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மார்ச்சில் எங்கள் ஊர் லெட்ஃபோர்டு குடும்பத்தின் வீட்டை வெளியூர் ஆட்கள் வந்து காலி செய்தார்கள். தொட்டில், மெத்தை, கல்யாண ஆல்பம் எல்லாம் வாசல் புல்லில் ஒரு நாள் முழுக்க மழையில் கிடந்தன. ஊரே வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அன்று இரவு நானும் ராய்ஸ் வீட்டில்தான் சாப்பிட்டேன். டார்லா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"பேங்க்காரனக்கூட விட்டுடுவேன் அண்ணி, அவன் எங்கேயோ இருக்கான், மொகம் தெரியாதவன். இந்த வேலைக்குக் கை நீட்டிக் காசு வாங்குறான் பாருங்க, அவன் எந்தக் கையால ராத்திரி சாப்பிடுவான்? பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா எப்படி அவன் பக்கத்துல படுப்பா?"

"விடு டார்லா, ஏதோ பொழப்புக்கு..." என்றான் ராய்ஸ்.

"பொழப்பா? பிச்ச எடுக்கலாம் அதுக்கு. நீ குளிர்காலம் பூரா சும்மா ஒக்காந்திருந்தியே, நான் ஒரு வார்த்த சொன்னேனா? இந்த மாதிரி வேலைக்குப் போயிருந்தாத்தான் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

அன்றும் அவன் பாதித் தட்டோடு எழுந்துவிட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது, முதுகு வலி என்று நினைத்தேன். அப்போது அவன் அந்த வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. டார்லாவுக்குத் தெரிந்தால் எல்லாம் போயிற்று என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு அவன் தலையில் ஓடிக்கொண்டே இருந்ததாம். இதெல்லாம் அவன் பின்னால் என்னிடம் சொன்னது.

வெர்னா கில்லி வீட்டு விலாசம் அவனுக்கு ஜூனில் வந்தது.

வெர்னாவைத் தெரியாதவர்கள் எங்கள் சர்ச்சில் கிடையாது. பெரியவர்களை மரியாதைக்கு மிஸ் என்போம், அவள் எல்லாருக்கும் மிஸ் வெர்னா. எங்கள் இருவரையும் ஞாயிற்றுப் பள்ளியில் பைபிள் வசனம் ஒப்பிக்க வைத்தவள். ஒப்பித்தால் புதினா மிட்டாய் கொடுப்பாள், ஒப்பிக்காவிட்டாலும் கொடுப்பாள். அவள் புருஷன் கார்ல் நுரையீரல் நோயில் நாலு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து இறந்தார். அந்த வீட்டின் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்காக அதை மறுபடி அடகு வைத்தாள் என்பது அவளுக்கும் பேங்குக்கும் மட்டும்தான் தெரியும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, வீட்டை விற்றுவிட்டேன், ஒஹையோவில் டேட்டனில் மகளோடு இருக்கப் போகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். நாங்கள் கேக் வெட்டி வழியனுப்பினோம். நல்ல விலைக்குப் போயிற்றா என்று யாரோ கேட்டதற்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாள்.

அந்த விலாசத்தைப் போனில் பார்த்ததும் ராய்ஸ் ட்ரக்கை ஓரமாக நிறுத்திவிட்டானாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வேலை வராது. தவிர, வேறு எவனாவது வந்தால் லெட்ஃபோர்டு வீட்டுக்கு நடந்த மாதிரி சாமானை எல்லாம் வாசலில் கொட்டுவான், ஊருக்குத் தெரிந்துவிடும், அதை விட நானே சத்தமில்லாமல் முடித்துவிடுவது நல்லது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு போனான்.

கதவைத் திறந்தால் வீடு அத்தனை சுத்தம். கம்பளத்தில் வாக்குவம் மெஷின் போய் வந்த தடம் கோடு கோடாக அப்படியே இருந்தது. சமையலறைத் தொட்டி பளபளத்தது. மகளின் வண்டியில் ஏறாதவை எல்லாம் அலமாரிக்குள் மடித்தும் அடுக்கியும் இருந்தன. கார்லின் சட்டைகள் தேய்த்துத் தொங்கின. ராய்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனானாம். கவனியுங்கள், காலி செய்ய வந்தவன் செருப்பைக் கழற்றியிருக்கிறான்.

அறை அறையாகப் படம் எடுத்து அனுப்பினான். உடனே நாக்ஸ்வில்காரன் கூப்பிட்டான்.

"என்னய்யா இது, மியூசியமா? இந்தப் படத்துக்கு எவன் கூலி குடுப்பான்? ஒனக்குச் சொல்லித் தரலையா நான்?"

"பெரியவங்க வீடு சார். ஒண்ணும் குப்ப இல்ல."

"இல்லேன்னா உண்டாக்கு. இல்ல, சும்மா கூட்டிட்டுச் சும்மாவே வீட்டுக்குப் போ. அடுத்த மாசம் வேற ஆள பாத்துக்கறேன்."

ராய்ஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். மேசை இழுப்பறைகளை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தான். சட்டைகளைக் கம்பியோடு பிடித்து இழுத்துப் படுக்கையறைத் தரையில் போட்டான். திரைச்சீலையை அவிழ்த்தான். மாவு டப்பாவைத் திறந்து சமையலறைத் தரையில் தட்டினான், அதன் மேல் கரண்டிகளைக் கொட்டினான். ஒவ்வோர் அறைக்கும் படம் எடுத்தான். நாக்ஸ்வில்காரன் "இப்ப வீடு மாதிரி இருக்கு" என்று பதில் அனுப்பினான். பிறகு ராய்ஸ் எல்லாவற்றையும் அள்ளி ட்ரக்கில் போட்டு, வீட்டை முதலில் பார்த்தது போலவே கூட்டித் துடைத்து இரண்டாவது படம் எடுத்தான்.

ஒரே ஒரு பொருளை மட்டும் அவனால் போட முடியவில்லை. கனமான ஒரு கண்ணாடிப் பாத்திரம், அடுப்பில் வைத்துச் சுடுகிற வகை. கிடங்கில் எறிவதற்காகக் கையை ஓங்கியவனுக்கு அது உடைகிற சத்தத்தைக் கேட்கத் துணிவில்லை. பழைய சட்டையில் சுற்றி ட்ரக் சீட்டுக்குப் பின்னால் செருகினான். கொடுக்கவும் வழியில்லை, எறியவும் மனமில்லை. நாள் போகப் போக அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டான்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாவு, ஒரு பிரசவம், ஓர் ஆபரேஷன் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்து இறங்கிவிடும். யாருடையது என்று தெரிவதற்காக அடியில் ஒட்டு நாடாவில் பெயர் எழுதியிருக்கும். திருப்பித் தரும்போது காலியாகத் தரக் கூடாது. திருப்பித் தராமலே வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேச வேறு விஷயமே வேண்டாம். டார்லா இந்த வழக்கத்தில் போலீஸ்காரி.

ஆகஸ்டில் அவள் ட்ரக்கின் உள்பக்கத்தைக் கழுவினாள். சீட்டுக்குப் பின்னால் பாத்திரம் அகப்பட்டது. திருப்பிப் பார்த்தால் "வி. கில்லி" என்று இருக்கிறது. உடனே எனக்குப் போன் வந்தது.

"அண்ணி, மானம் போச்சு. பிப்ரவரியில அத்தை செத்தப்ப வெர்னா அம்மா சாப்பாடு குடுத்த பாத்திரம் நம்மகிட்டயே கெடக்கு. ராய்ஸ்கிட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லி இருப்பேன் போல, அந்த மனுசன் ட்ரக்குலயே போட்டு மறந்துட்டான். ஆறு மாசம் அண்ணி! அவங்க ஊர விட்டுப் போறப்பகூட ஒரு வார்த்த கேக்கல பாருங்க, பெரிய மனசு."

"ஹோம்கமிங்குக்கு வருவாங்கல்ல, அப்ப குடு," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன். ப்ளாக்பெர்ரிப் பழம் போட்டு இனிப்பு சுட்டு நெறையக் குடுத்துர்றேன். ராய்ஸ்கிட்ட சொல்லாதீங்க, அதுக்கு வேற மொகத்தத் தொங்கப் போட்டுக்குவான்."

டார்லா அத்தை என்றது எங்கள் அம்மாவை. அம்மா சாவுக்கு வந்த பாத்திரங்களில் எது யாருடையது என்று எனக்கு நினைவில்லை. அன்று நான் இருந்த நிலையில் யார் வந்தார்கள் என்பதே நினைவில்லை. அதனால் டார்லா சொன்னதை அப்படியே நம்பினேன்.

ஹோம்கமிங் ஞாயிறு என்றால் ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் சர்ச்சுக்குத் திரும்பி வருகிற நாள். பிரசங்கம் முடிந்ததும் ஓக் மரங்களுக்கு அடியில் நீளமாக மேசை போட்டு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்த வருடம் கூட்டம் அதிகம், போனவர்கள் அதிகம் அல்லவா. பாதி வண்டிகளில் ஒஹையோ நம்பர். வெர்னா மகளோடு வந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் தலைமுடி சுருட்டி, நீலக் கவுன் போட்டு, நன்றாகத்தான் இருந்தாள். "டேட்டன் எப்படி இருக்கு? வீட்ட வாங்குனவங்க நல்ல மனுசங்களா?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நல்ல மனுசங்கதான், நல்ல மனுசங்கதான்," என்று எல்லாருக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டார்லா துண்டு போட்டு மூடிய பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். ராய்ஸ் அவள் பின்னால் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மிஸ் வெர்னா, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்," என்று டார்லா துண்டை எடுத்தாள். "எங்க அத்தை சாவுக்கு நீங்க குடுத்தது. இத்தன நாள் எங்க வீட்டுல கெடந்திருக்கு. வெக்கமா இருக்கு எனக்கு."

நாற்காலிகள் கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். ராய்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெர்னா பாத்திரத்தை வாங்கினாள். ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு டார்லாவைப் பார்த்தாள், அவள் தோளுக்கு மேலாக ராய்ஸைப் பார்த்தாள். நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன் கண்ணு. ஒங்க அத்தை சாவுக்குத்தான் குடுத்தேன், இப்ப ஞாபகம் வருது. வாசம் தூக்குதே, என்ன பழம்?" என்றாள்.

டார்லாவுக்கு உயிர் வந்தது. பழம் எங்கே பறித்தது, எவ்வளவு சர்க்கரை என்று பேச்சு போய்விட்டது. இத்தோடு தப்பித்தேன் என்று நினைத்ததாகவும், அப்படி நினைத்த அடுத்த நொடியே தன் மேல் அருவருப்பாக இருந்ததாகவும் ராய்ஸ் பின்னால் சொன்னான்.

சாப்பிட உட்கார்ந்தோம். நானும் ராய்ஸும் ஒரு பெஞ்சில். வெர்னா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பீன்ஸைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல் தணிந்த குரலில் கேட்டாள்.

"நீதான் போனியா கண்ணு?"

"ஆமா மிஸ் வெர்னா."

"எங்கடா போன?" என்றேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"பரவால்ல. வெளியூர்க்காரன் எவனோ வந்து மிதிக்கிறதுக்கு, தெரிஞ்ச பிள்ள வந்தது நல்லதுதான். பேங்க் எடுத்துக்கிட்ட கதய நீ இங்க யார்கிட்டயும் சொல்லலைன்னு தெரியுது. இல்லேன்னா எல்லாரும் வீட்ட வாங்குனவங்களப் பத்திக் கேப்பாங்களா?" என்று லேசாகச் சிரித்தாள். "நானும் ஒன்னப் பத்திச் சொல்ல மாட்டேன். சரியாப் போச்சு."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஒங்கிட்ட," என்றாள் வெர்னா. "போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் முட்டி போட்டுத் தொடச்சேன். பேங்க்காரனுக்கு எதுக்கும்மா தொடைக்கிறன்னு மக கத்துனா. பேங்க்குக்கு இல்லடி, நாளைக்கு அள்ள வர்றவன் யாரு பெத்த பிள்ளையோ, அவனுக்காவது வேல கொறையட்டும்னேன். நீ போறப்ப சுத்தமா இருந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அது பொய்கூட இல்லை. அந்தக் கிழவி நிம்மதியாக டேட்டன் போய்ச் சேருவாள், டார்லாவுக்குக் கடைசி வரை தெரியாது, தார்பாயைக் கட்டிக்கொண்டு இவன் பிழைப்பும் ஓடும். சொல்லடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இருந்துச்சு. நான்தான் கொட்டுனேன்."

"என்னது?"

"படத்துக்காக. அலங்கோலமா இருந்தாத்தான் கூலி. நீங்க அடுக்கி வச்சத எல்லாம் நான் தரையில கொட்டிப் படம் எடுத்தேன் மிஸ் வெர்னா." அடக்கிப் பேச நினைத்தும் குரல் அவன் கையில் இல்லை. பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. டீ ஜாடியோடு வந்துகொண்டிருந்த டார்லா வெர்னாவின் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"எந்த ரூம்ல?" என்று கேட்டாள் வெர்னா.

"எல்லாத்துலயும்."

"சமையக்கட்டுலயுமா?"

"மாவக் கொட்டுனேன்."

வீடு போனதைப் பற்றிப் பேசும்போது ஒரு சொட்டுக் கலங்காதவள். இப்போது அவள் கழுத்தில் இருந்து சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவுவதை நான் பார்த்தேன். தப்புச் செய்தவன் எதிரே உட்கார்ந்திருக்க, கூசிப் போனது அவள்தான்.

"அந்தப் படம் எங்க போகும்?"

"பேங்க்குக்கு."

"எம் பேரு போட்டா?"

"வீட்டு நம்பரு இருக்கும். பேரும் இருக்கும்."

"அப்ப நான் அப்படித்தான் குடித்தனம் நடத்துனேன்னு நெனச்சிருப்பாங்க."

"பின்னால கூட்டித் தொடச்சிட்டேன் மிஸ் வெர்னா. சத்தியமா. நீங்க வச்சிருந்த மாதிரியே ஆக்கிட்டேன். அதையும் படம் எடுத்து அனுப்புனேன்." அழுகிற பிள்ளை மாதிரி அவசர அவசரமாகச் சொன்னான்.

"அதுல யாரு பேரு இருக்கும்?"

"தொடச்சவன்னு எம் பேருதான்," என்றான் என் தம்பி.

டார்லா ஜாடியை மேசையில் வைத்தாள். அவன் பக்கம் இடம் இருந்தது. அவள் வெர்னாவின் பக்கம் போய் உட்கார்ந்தாள்.